நத்தைக்கு நிறம் தெரியாது

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரே புலம்பல்தான். நேற்று மாலை வரை பந்தல்காலைப் பற்றிக்கொண்டிருந்த கொடி, காலையில் மொட்டைக் காம்பாக நிற்கும். பக்கத்துச் சுவரில் வெள்ளித்தடம் ஒன்று வளைந்து வளைந்து போய் ஏதோ ஒரு செங்கல்லுக்கு அடியில் மறைந்திருக்கும். மழை விட்டதும் நர்சரிக்குப் போகிறவர்கள் கேட்பதும் இதைத்தான்: பூ நிறையப் பூக்க வேண்டும், நிறம் பளிச்சென்று இருக்க வேண்டும், நத்தை தொடக்கூடாது. அப்படி ஒரு கொடி இருக்கிறதா?

இருக்கிறது, பல இருக்கின்றன. ஆனால் அந்தக் கேள்வியில் உள்ள நிறம் முழுக்க நம்முடைய கவலை. நத்தையின் நீண்ட கொம்புகளின் நுனியில் இருக்கும் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் தெரியும், நிறம் தெரியாது. தெரிந்தும் பயனில்லை, அது மேய வருவது இரவில். கொம்புகளால் மோப்பம் பிடித்து, வாயால் தொட்டுச் சுவைத்துப் பார்த்துத்தான் எதைத் தின்பது என்று முடிவு செய்கிறது. ஆகவே மஞ்சளோ ஊதாவோ, உங்கள் வீட்டுச் சுவருக்கு எது எடுக்கிறதோ அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். எந்தக் கொடியை நத்தை ஒதுக்கும், ஏன் ஒதுக்கும் என்பது வேறு கதை. அதில் நூற்று முப்பது ஆண்டுக்கும் மேலான அறிவியல் இருக்கிறது.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். நம் ஊர்த் தோட்டங்களில் முக்கியமானவர்கள் இருவர். ஓடில்லா நத்தை ஒன்று: கறுத்து, தட்டையாக, முதுகின் நடுவே வெளிறிய கோட்டோடு, தொட்டால் வட்டமாகச் சுருண்டுகொள்ளும். லேவிகாலிஸ் ஆல்டே என்பது அதன் அறிவியல் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நன்றாக நீண்டால் 12 செ.மீ. வரை வரும். மற்றது ஆப்பிரிக்கப் பெருநத்தை. கையளவு கூம்பு ஓடு, அதில் பழுப்புக் கோடுகள். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதை இந்தியாவுக்குள் கொண்டுவந்தவர் ஒரு நத்தை ஆராய்ச்சியாளர் என்பதுதான் வேடிக்கை. வில்லியம் பென்சன் என்ற ஆங்கிலேயர் 1847இல் மொரீஷியஸிலிருந்து உயிரோடு கொண்டுவந்தவை கல்கத்தாவின் சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. அங்கிருந்து அவை நாடெங்கும் பரவின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கும் போய்ச் சேர்ந்தன. இன்று கேரளத்தின் பல ஊர்களில் வாழையிலிருந்து வீட்டுச் சுவர் வரை எதையும் விடாத தொல்லை அது. சுவரையுமா என்று கேட்க வேண்டாம். ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும், அதற்காக வெள்ளையடித்த சுவரைச் சுரண்டித் தின்னும். கொடி ஏற்ற நாம் தேர்ந்தெடுக்கும் சுண்ணாம்புச் சுவரே அதற்கு ஓர் அழைப்பு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நத்தை கடிப்பதில்லை, துருவுகிறது. அதன் வாய்க்குள் ஆயிரக்கணக்கான நுண்பற்கள் வரிசை வரிசையாகப் பதிந்த ஒரு நாடா இருக்கிறது. தேங்காய்த் துருவியை நாக்கில் சுற்றிக்கொண்டதுபோல அதை முன்னும் பின்னும் இழுத்து இலையைத் தேய்க்கும். முன்வரிசைப் பற்கள் தேயத் தேயப் பின்னாலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். எனவே மெல்லிய தோல், நீர்ச்சத்து நிறைந்த சதை, நாரில்லாத தண்டு என்றால் அதற்கு வேலை எளிது. மெழுகுப் பூச்சோ கட்டையோ குறுக்கே வந்தால் துருவுவது கடினம்.

துருவுவதைவிட நடப்பதுதான் அதற்குப் பெரிய செலவு. 1980இல் மார்க் டென்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் பசிபிக் கரையோரத்து வாழைப்பழ நத்தை ஒன்றை வைத்து அளந்து பார்த்தார். அதே எடையுள்ள ஓடும் விலங்கு ஒன்று அதே தொலைவைக் கடக்கச் செலவிடும் ஆற்றலைப் போல ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு நத்தைக்கு ஆகிறது. காரணம் கோழை. வழியெல்லாம் கோழையைச் சுரந்து, அதன்மேல் ஊர்ந்து, அப்படியே விட்டுவிட்டுப் போகிறது. அந்தக் கோழை அழுத்தம் குறைந்த இடத்தில் திடப்பொருளாகப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் மிகுந்த இடத்தில் திரவமாக இளகும். செங்குத்துச் சுவரிலும் விழாமல் ஏற முடிவது இந்த இரட்டைக் குணத்தால்தான். ஆக, மாடி வரை ஏறும் திறமை நத்தைக்கு உண்டு. ஆனால் ஏறும் ஒவ்வொரு அடிக்கும் அது உடல் நீரையும் புரதத்தையும் விலையாகக் கொடுக்கிறது. தரையிலேயே இளந்தளிர் கிடைக்கும்போது, கசக்கும் இலைக்காக எட்டடி ஏற வேண்டிய தேவை அதற்கு இல்லை.

கசப்புக்கு வருவோம். இலைகளில் உள்ள கசப்பு, காரம், துவர்ப்பு, நாற்றம் எல்லாம் எதற்கு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெளிவான விடையில்லை. செடியின் உடலில் சேரும் கழிவு என்றே பலர் நினைத்தார்கள். 1888இல் ஜெர்மனியின் யேனா நகரத்துத் தாவரவியல் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஷ்டால், செடிகளும் நத்தைகளும் என்ற பொருளில் ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். அவர் செய்தது மிக எளிய சோதனை. நத்தைகள் தொடாத இலைகளை எடுத்துச் சாராயத்தில் ஊறவைத்தார். சாராயம் இலையின் வேதிப்பொருள்களைக் கரைத்து இழுத்துக்கொண்டது. பிறகு இலையைக் கழுவி, உலர்த்தி, அதே நத்தைகளிடம் வைத்தார். நேற்று ஒதுக்கியதை இன்று தின்றன. இலையில் நாரும் சதையும் மாறவில்லை, போனது சுவை மட்டுமே. அப்படியானால் அந்தச் சுவை கழிவில்லை, காவல்.

செடிகள் வேதியியலால் தங்களைக் காத்துக்கொள்கின்றன என்ற கருத்துக்கு முதல் உறுதியான சான்று இப்படி நத்தையின் வாய் வழியாக வந்தது. ஆனால் உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1959இல் காட்ஃபிரீட் ஃபிராங்கெல் என்ற பூச்சியியலாளர் ‘சயன்ஸ்’ இதழில் இதே வாதத்தைப் பூச்சிகளை முன்வைத்து எழுப்பியபோதுதான் ஷ்டாலின் பெயர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. எழுபது ஆண்டு தாமதம். பூச்சிக்குக் கிடைக்கும் மரியாதை நத்தைக்கு எப்போதும் கிடைப்பதில்லை.

ஷ்டாலின் கண்ணோடு நம் ஊர்க் கொடிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆயுதத்தோடு நிற்பது தெரியும்.

கிருஷ்ணகமலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதாவும் வெள்ளையுமாக வட்டத்துக்குள் வட்டம் வைத்த அந்தப் பூவின் குடும்பத்தில்தான் கொடைக்கானலில் தாட்பூட் பழம் என்றும் இலங்கையில் கொடித்தோடை என்றும் விற்கும் பழமும் இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் இலைகளில் சயனைடு சர்க்கரையோடு பிணைந்து, தீங்கற்ற வடிவில் அடைபட்டுக் கிடக்கிறது. அதை விடுவிக்கும் நொதி இலையிலேயே தனியாக வேறோர் இடத்தில். இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. நத்தை துருவியதும் சுவர் உடைந்து இரண்டும் கலக்க, ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. மரவள்ளியை வேகவைத்தே தின்ன வேண்டும் என்று பாட்டிமார் கண்டிப்பதற்கும் இதே வேதியியல்தான் காரணம்.

சயனைடு நத்தையைத் தடுக்கிறது என்பது வெறும் ஊகம் இல்லை. ஐரோப்பியப் புல்வெளிகளில் வளரும் லோட்டஸ் என்ற சிறு பயறினச் செடியில் சயனைடு விடும் செடிகளும் விடாத செடிகளும் கலந்தே இருக்கும். 1962இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் இரண்டையும் நத்தைகள் உள்ளிட்ட விலங்குகளின் முன் வைத்தபோது, சயனைடு இல்லாதவற்றையே அவை தேடித் தின்றன. பிறகு 1980களின் தொடக்கத்தில் டிர்சோ, ஹார்ப்பர் என்ற இரு ஆய்வாளர்கள் வேல்ஸ் நாட்டு மேய்ச்சல் நிலத்தில் வெள்ளைக் குளோவர் செடியிலும் இதையே கண்டார்கள். உடனே எழும் கேள்வி: இவ்வளவு பயனுள்ள நஞ்சு ஏன் எல்லாச் செடியிலும் இல்லை? ஏனென்றால் அதற்கு விலை உண்டு. உறைபனியில் இலைச் செல்கள் உடையும்போதும் சயனைடு வெளிவந்து செடியையே தாக்கும். ஐரோப்பாவில் குளிர் கடுமையான கிழக்கையும் வடக்கையும் நோக்கிப் போகப் போக, சயனைடு விடும் குளோவர்கள் குறைந்துகொண்டே போவதை 1950களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். நம் சமவெளியில் பனி உறைவதில்லை. கிருஷ்ணகமலத்துக்கு அந்தக் கவலை இல்லை, நமக்கும் இல்லை.

ஒரு சிறு எச்சரிக்கை. நத்தை ஒதுக்கும் கிருஷ்ணகமலத்தை ஆரஞ்சு நிறத்து வண்ணத்துப்பூச்சி ஒன்றின் முள்முள்ளான கம்பளிப்புழுக்கள் ஆசையாகத் தின்னும். சயனைடையே தன் பாதுகாப்புக்கு எடுத்துக்கொள்ளும் பரம்பரை அது. கொடி பெரிதாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. பத்து நாளில் தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சி பறக்கும், இலையும் மறுபடி துளிர்க்கும்.

மணிபிளாண்ட்டின் ஆயுதம் வேறு. சேனையை நறுக்கினால் கை அரிப்பதும், சரியாக வேகாத சேம்பு தொண்டையைப் பிடிப்பதும் எதனால் என்று சமையலறையில் புழங்கியவர்களுக்குத் தெரியும். கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, ஊசி ஊசியாகக் கட்டுக்கட்டாக அந்தச் செல்களில் அடுக்கப்பட்டிருக்கிறது. மணிபிளாண்ட்டும் சிங்கோனியமும் ஃபிலோடென்ட்ரானும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை, அதே ஊசிகளைக் கொண்டவை. துருவும் நாக்கில் ஊசி குத்தும். ஷ்டாலும் இந்த ஊசிகளைச் செடிகளின் காவல்களில் ஒன்றாகக் கணக்கிட்டிருந்தார். பூ வேண்டாம், இலையிலேயே நிறம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு, அதுவும் வெயில் விழாத வடக்குச் சுவருக்கு, பொன்வரி ஓடிய மணிபிளாண்ட்டைவிடச் சிக்கனமான தேர்வு எனக்குத் தெரியவில்லை. ஈரமான மறைவில் சுருள் பிரியாத புதிய இலையை மட்டும் எப்போதாவது நத்தை சுரண்டிப் பார்க்கும்.

அலமாண்டாவில் பால் வடியும். அரளியும் நித்தியகல்யாணியும் சேர்ந்த குடும்பம் அது. தங்கமஞ்சள் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும் இதன் இலையைக் கிள்ளினாலே வெள்ளைப் பால் வந்து, காற்றுப் பட்டதும் பிசினாக இறுகும். வாயில் பல்நாடா வைத்திருக்கும் ஒரு பிராணிக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் வேண்டியதில்லை. ஆனால் பால் வடிந்தாலே நத்தை வராது என்று பொதுவிதி செய்துவிட முடியாது. பப்பாளியிலும் பால் வடிகிறது, ஆப்பிரிக்கப் பெருநத்தைக்கோ பப்பாளி என்றால் உயிர். பிடிக்க வைக்கும் பொறிகளிலேயே பப்பாளித் துண்டைத்தான் போடுகிறார்கள்.

இங்கேதான் பலரும் இடறுகிற ஓர் இடம் வருகிறது. நமக்கு நஞ்சான செடி நத்தைக்கும் நஞ்சாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அப்படி இல்லை. மனிதரின் கல்லீரலைக் கரைத்துக் கொல்லும் ‘மரணத்தொப்பி’ காளானை ஓடில்லா நத்தைகள் நிம்மதியாக மேயும். நம் மாநில மலரான செங்காந்தளையே பாருங்கள். இலை நுனியையே பற்றுக்கம்பியாக்கி ஏறும் அந்தக் கொடி, மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் தீச்சுடர் இதழ்களால் எந்த வேலிக்கும் அழகு. கோல்சிசின் என்ற நஞ்சு அதன் கிழங்கிலும் விதையிலும் நிறைந்திருக்கிறது. செல் பிரியும்போது உள்ளே கட்டப்படும் நுண்குழல்களைக் கட்டவிடாமல் தடுப்பது அதன் வேலை. கீல்வாத மருந்துக்காகத் தமிழ்நாட்டில் வயல் வயலாகவே பயிரிடுகிறார்கள். அப்படிப்பட்ட செடியையும் ஒரு கம்பளிப்புழு, பாலிட்டெலா அந்துப்பூச்சியின் குட்டி, இலை இலையாகத் தின்று தீர்க்கிறது. அதனால் ‘விஷச்செடி, நத்தை தொடாது’ என்ற நம்பிக்கையில் மட்டும் செங்காந்தளை வாங்க வேண்டாம். அழகுக்காக வாங்குங்கள். குழந்தையும் ஆடும் எட்டாத இடத்தில் வையுங்கள், கிழங்கு தெரியாமல் வாயில் போனால் உயிருக்கே ஆபத்து. மழை வந்ததும் மண்ணிலிருந்து வரும் அதன் முளையைச் சில வாரங்கள் கண்காணித்தாக வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கதை சங்குப்பூவினுடையது. வேலிகளில் தானாக முளைத்துக் கிடக்கும், நீலத்துக்கு வேறு உவமையே தேட வேண்டாத அந்தப் பூ. அதன் உடலில் உள்ள ஆயுதத்தைப் புரிந்துகொள்ள காங்கோவுக்குப் போய் வர வேண்டும்.

1960களில் செஞ்சிலுவைப் பணிக்காகக் காங்கோ சென்ற லோரன்ட்ஸ் கிரான் என்ற நார்வே மருத்துவர், அங்கே பிரசவத்தை விரைவுபடுத்தப் பெண்கள் ஒரு மூலிகைக் கஷாயத்தைக் குடிப்பதைக் கவனித்தார். கருப்பையைச் சுருங்கவைத்த அந்தப் பொருள் ஒரு சிறு புரதம். புரதமென்றால் கொதிக்கவைத்தால் கெட வேண்டும், வயிற்றில் செரித்துப் போக வேண்டும். இது இரண்டுக்கும் அசையவில்லை. காரணம் 1990களின் நடுவில்தான் தெரியவந்தது. அந்தப் புரதத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. இரு முனைகளும் இணைந்து வளையமாகி, உள்ளே மூன்று கந்தகப் பாலங்களால் முடிச்சுப் போட்டுக் கிடந்தது. நொதிகள் பிடித்து இழுக்க நுனியே கிடையாது. இந்தக் குடும்பத்துக்கு சைக்ளோடைடுகள் என்று பெயர். செடிக்கு இதனால் என்ன பயன் என்று ஆராய்ந்தபோது, பூச்சிகளின் குடலைச் சிதைப்பது தெரிந்தது. 2008இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு இவற்றை நெல்வயல்களைப் பாழாக்கும் தங்க ஆப்பிள் நத்தையிடம் சோதித்தது. நத்தைகள் செத்தன.

சோதித்த சைக்ளோடைடுகள் சங்குப்பூவிலிருந்து எடுத்தவை அல்ல, அதே புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2011இல் பயறினச் செடிகளில் முதன்முறையாக இந்தப் புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்த செடி நம் சங்குப்பூ. ஒன்றிரண்டு அல்ல, விதை, இலை, வேர் எங்கும் பல வகைகள். இப்போது ஆஸ்திரேலியாவில் சங்குப்பூச் செடியின் சாற்றைப் பருத்திப் பூச்சிகளுக்கு எதிரான மருந்தாகவே விற்கிறார்கள். நம் வேலியோரத்துக் களைச்செடி அங்கே போத்தலில் அடைபட்டு நிற்கிறது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஓர் உண்மையை மறைக்கக்கூடாது. முளைத்துப் பத்து நாளான சங்குப்பூ நாற்றை மழைக்கால நத்தை தின்றுவிடும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. முதிர்ந்த கொடியைச் சீண்டாத அதே நத்தைதான்.

இதை முரண்பாடு என்று நினைக்க வேண்டாம், விஷயத்தின் மையமே இதுதான். நஞ்சு செய்யவும் நார் செய்யவும் செடிக்கு முதலீடு வேண்டும். விதையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த நாற்றிடம் விதையிலையில் கொண்டுவந்த சேமிப்பு மட்டுமே இருக்கிறது. அதை வேருக்கும் தண்டுக்கும் செலவழிப்பதா, காவலுக்குச் செலவழிப்பதா? பெரும்பாலான நாற்றுகள் வளர்ச்சியைத் தேர்ந்தெடுக்கின்றன. அதோடு ஒரு கணக்கும் இருக்கிறது. வளர்ந்த கொடியில் நத்தை ஓரிரவில் தின்னும் அளவு ஒரு இலையின் ஓரம். நாற்றில் அதே அளவு என்றால் முழுச்செடி. நுனிக்கொழுந்தை இழந்த நாற்று மீள்வது அரிது. எந்தக் கொடியை நத்தை தின்னாது என்று கேட்பதைவிட, எந்தக் கொடி தன் குழந்தைப் பருவத்தை நத்தையின் வாய்க்கு எட்டாமல் கடக்கும் என்று கேட்டால் பதில் சட்டென்று கிடைக்கும்: விதையில்லாமல் போத்திலிருந்தும் பதியனிலிருந்தும் வளர்பவை.

காகிதப்பூ அந்த வரிசையில் முதலிடம். பென்சில் பருமன் கட்டைப் போத்து, நடும்போதே மரம். முள் வேறு. அதன் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை: நாம் பூ என்று சொல்வது பூ இல்லை, நடுவே இருக்கும் சிறு வெள்ளைக் குழல்தான் பூ. சுற்றியிருக்கும் மூன்றும் நிறமேறிய இலைகள். அந்தச் சிவப்பும் ரோஜா அல்லது செம்பருத்தியின் சிவப்பு வகையைச் சேர்ந்ததில்லை. பீட்ரூட்டுக்கு நிறம் தரும் பீட்டாலைன் என்ற தனி நிறமிக் குடும்பம் அது. 1767இல் ரியோ டி ஜெனிரோவில் பூகன்வில்லின் கப்பலோடு வந்த கொமெர்சான் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பயணத்தில் இச்செடி சேகரிக்கப்பட்டு, கப்பல் தலைவரின் பெயரைப் பெற்றது. மொட்டை மாடி வெயிலில், தண்ணீர் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாத செடி. நத்தைக்கு வேண்டியது ஈரம், காகிதப்பூவுக்கு வேண்டியது வறட்சி. இருவரும் ஒரே இடத்தில் வாழவே விரும்புவதில்லை.

இரங்கூன் மல்லியும் கட்டைக்கொடிதான். அந்தியில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு அடர்சிவப்பாகும் பூக்கள். ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். இரவில் வரும் நீள்நாக்கு அந்துப்பூச்சிகளுக்கு வெள்ளை, பகலில் வருபவற்றுக்குச் சிவப்பு. உதிர்ந்த இலையின் காம்படி மட்டும் கொடியிலேயே தங்கி முள்ளாக இறுகிவிடும், அதைக் கொக்கியாக்கித்தான் ஏறுகிறது. இதன் விதையைக் குடற்புழு நீக்க ஆசிய நாடுகளில் நெடுங்காலமாகப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள குயிஸ்குவாலிக் அமிலம் நரம்புச் செல்களைத் தூண்டிக் குழப்பும் ஒன்று, நரம்பியல் ஆய்வகங்களில் இன்றும் அதற்கு வேலை இருக்கிறது. ஐந்தாறு வருடத்தில் மாடியையே மூடிவிடும் வேகம் இதற்கு. இடம் பார்த்து நடுங்கள்.

பெட்ரியாவுக்கு நஞ்சே தேவையில்லை. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் அதன் தாயகம். இலையைத் தடவினால் உப்புத்தாளைத் தொட்ட உணர்வு. ஆங்கிலத்தில் அதற்கு உப்புத்தாள் கொடி என்றே பெயர். கோழையைச் செலவழித்து ஊரும் பிராணிக்கு அந்தச் சொரசொரப்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கருநீலப் பூ ஓரிரு நாளில் உதிர்ந்தாலும், அதைத் தாங்கிய வெளிர் ஊதாப் புல்லிகள் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். இதை நர்சரிகளில் கேட்டு வாங்குபவர்கள் குறைவு என்பது எனக்குப் புரியாத விஷயம்.

மறுபக்கத்தில் நத்தையின் விருந்துப் பட்டியல் இருக்கிறது. அவரை, பசலை, வெற்றிலை, மயில்மாணிக்கம், நீல ‘மார்னிங் குளோரி’ எல்லாம் அதில் வரும். மயில்மாணிக்கத்தின் சிவப்பு நட்சத்திரங்களுக்கு ஆசைப்படாதவர் இல்லை, ஆனால் அது ஆண்டுக்கொடி. ஒவ்வோர் ஆண்டும் விதையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆபத்தான நாட்களைக் கடக்க வேண்டும். பிரிட்டன் தோட்டக்காரர்களுக்குக் கிளெமாட்டிஸ் கொடியோடு நடக்கும் ஆண்டுப் போராட்டமும் இதே காரணத்தால்தான். தரைமட்டத்துக்கு வெட்டப்பட்டு வசந்தத்தில் மண்ணிலிருந்து வரும் அதன் இளந்தளிர் நத்தைக்கு நேராக வாய்க்கு முன்னால் நீள்கிறது.

முட்டை ஓட்டைப் போடலாமா, செம்புப் பட்டை கட்டலாமா என்று கேட்பார்கள். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2018இல் 108 லெட்டூஸ் செடிகளை வைத்துச் செம்புப் பட்டை, சரளைக்கல், பட்டைத்தூள், கம்பளி உருண்டை, முட்டை ஓடு எல்லாவற்றையும் சோதித்தது. எதுவும் போடாத செடிகளுக்கும் இவற்றுக்கும் சேதத்தில் வேறுபாடு இல்லை. காப்பித்தூள் பற்றிய நம்பிக்கைக்கு மட்டும் ஒரு மெய்யான வேர் உண்டு. ஹவாய்த் தீவில் தொல்லை தரும் தவளைகளுக்குக் கஃபீன் தெளித்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், பெரிய நத்தைகள் சாவதைத் தற்செயலாகக் கண்டு 2002இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆனால் அவர்கள் கொல்லப் பயன்படுத்தியது ஒன்று முதல் இரண்டு சதவீதக் கரைசல். நாம் குடிக்கும் காப்பியில் இருப்பது அதில் சிறு பகுதி, வடிகட்டியபின் எஞ்சும் சக்கையிலோ இன்னும் குறைவு. உப்பைத் தூவுவது நத்தையைக் கொல்லும், மண்ணையும் கெடுக்கும்.

கையால் பொறுக்குவது இன்றும் நல்ல முறை. ஈரச்சாக்கை மாலையில் கொடியடியில் விரித்துவைத்து விடிந்ததும் தூக்கினால், ஒளிந்திருப்பவை கிடைக்கும். கையுறை கட்டாயம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் குட்டிகளை இந்த நத்தைகள் சுமக்கின்றன, அது மனிதருக்குள் போனால் மூளையுறை அழற்சி வரும். தோட்டத்துக் கீரையைப் பச்சையாகத் தின்பவர்கள் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும்.

நத்தை மந்தபுத்தி என்று நினைப்பவர்களுக்காக இன்னொரு சோதனை. 1975இல் ஆலன் கெல்பெரின் என்ற ஆய்வாளர் ஒரு வகை ஓடில்லா நத்தைக்குப் புதிய உணவு ஒன்றைக் கொடுத்து, தின்றதும் கார்பன் டை ஆக்சைடால் மயங்க வைத்தார். பல நத்தைகள் ஒரே தடவையில் பாடம் கற்றன. அந்த உணவின் பக்கம் மறுபடி போகவில்லை, பழகிய உணவை வழக்கம்போலத் தின்றன. சுவை நினைவில் நிற்கிறது என்றால், தோட்டத்தில் வேறென்ன கிடைக்கிறது என்பதும் முக்கியமாகிறது. கொடியடியை மழித்துச் சுத்தமாக்கிவிட்டு, அங்கே ஒரே ஒரு இளம் சங்குப்பூ நாற்றை நட்டால் பசித்த நத்தைக்கு வேறு வழியில்லை. சற்றுத் தள்ளி வாடிய முட்டைக்கோஸ் இலைகளையோ பப்பாளித் தோலையோ குவித்துவைத்து, அங்கே கூடுபவற்றைப் பொறுக்குவது புத்திசாலித்தனம். அதேபோல் அடித்தண்டில் இரண்டடி உயரம்வரை பக்கக்கிளைகளை நீக்கி, சுவரோரச் செங்கல், காலித்தொட்டி, உதிர்ந்த சருகு ஆகியவற்றை அகற்றினால் பகலில் ஒளிய இடம் இருக்காது.

கிழக்குக் கரையோர மாவட்டங்களில் நடும் காலத்தையும் நத்தையைப் பார்த்தே முடிவு செய்யலாம். காகிதப்பூ, இரங்கூன் மல்லி, அலமாண்டா, கிருஷ்ணகமலம் ஆகியவற்றின் வேர்பிடித்த போத்துகளை ஆடியில் நட்டால், ஐப்பசி மழைக்குள் மூன்று மாதம் கிடைக்கும்; அடித்தண்டு கட்டையாக அது போதும். சங்குப்பூ, மயில்மாணிக்கம் போல விதைத்து வளர்ப்பவற்றைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். மழை ஓய்ந்து மேல்மண் காயும்போது ஆப்பிரிக்கப் பெருநத்தை ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள் உறங்கப் போயிருக்கும். சங்குப்பூ விதையை இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து நட்டால் சீக்கிரம் முளைக்கும், பங்குனிக்குள் பந்தலேறிவிடும். குமரி மாவட்டத்துக்கும் நீலகிரிக்கும் தென்மேற்கு மழை ஆனியிலேயே வந்துவிடுவதால் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே போத்து நடவையும் மாசி, பங்குனிக்கே முன்தள்ளிக்கொண்டு, கோடையில் தண்டின் அடியில் மட்டும் நீர் ஊற்றி வர வேண்டும்.